அடுப்புவட்டையின் வாழிடம்

பேரினத்துக்கென்று ஒரு சட்டம் வந்த பிறகுதான் எங்கள் தொழிலுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. அந்த மரியாதை கூடவே சனியனையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தது.

என் தொழில் மரவட்டை. ரயில்பூச்சி என்று பிள்ளைகள் சொல்வார்களே, தொட்டால் சுருண்டுகொள்ளுமே, அதேதான். இத்தனை வருஷமாக அதைத்தான் பிடித்து, அறுத்து, வரைந்து, பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில் யாராவது "வேதவல்லி, நீங்க எதுல டாக்டர்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுவேன். அவர்கள் உடனே பந்திக்கு எழுந்து போய்விடுவார்கள். நாட்டில் இந்த வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான் மிச்சம். இன்னொருவர் புனேயில் இருக்கிறார். எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

காடுகளில் பாதி காணாமல் போன பிறகு விழித்துக்கொண்ட அரசாங்கம், விழித்த பதற்றத்தில் அந்தச் சட்டத்தைப் போட்டது. ஓரிடத்தில் புதிய இனம் கிடைத்தால், அதாவது ஏற்கெனவே தெரிந்த வகையறாவில் இன்னொரு தம்பி அகப்பட்டால், அங்கே ஒரு போர்டு வைப்பார்கள். வகையறாவே புதிது, பேரினமே புதிது என்றால் கதை வேறு. சுற்றிலும் இரண்டு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு, உள்ளே இருக்கும் மனிதர்களை வெளியேற்றிவிடுவார்கள். காலியான வட்டத்தைப் பச்சைநிழல் போன்ற நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்து, அங்கே மரம் விடும் மூச்சை வெளிநாட்டு ஆலைகளுக்குக் கணக்குக் காட்டி விற்கும். ஆகவே புதுப் பேரினம் என்றால் முதலில் துள்ளிக் குதிப்பது விஞ்ஞானிகள் அல்ல.

ஊசிப்பாறை விஷயத்திலும் முதலில் துள்ளியது நிறுவனம்தான். மலை மேல் இருக்கும் அந்த ஊரின் ஓடைச் சேற்றை ஒரு கரண்டி அள்ளிச் சல்லடையில் போட்டிருக்கிறார்கள். சல்லடை என்பது நாங்கள் வைத்த செல்லப்பெயர். சேற்றில் எந்தெந்தப் பிராணியின் மரபிழை, அதாவது டி.என்.ஏ., கலந்திருக்கிறது என்று ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடும் இயந்திரம் அது. 'மரவட்டை, பேரினம் புதிது' என்று சொல்லிவிட்டது. ஆனால் சல்லடையின் வார்த்தையை மட்டும் நம்பி யாரையும் வெளியேற்றக் கூடாதென்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. முன்பு ஒருமுறை, சேறு அள்ளப் போனவன் சாப்பிட்ட கருவாட்டைப் புதுப் பிராணி என்று சொல்லி அது ஓர் ஊரையே காலி செய்துவிட்டது. அதிலிருந்து, தொழில் தெரிந்த ஒரு மனிதர் நேரில் போய், வயதுக்கு வந்த ஓர் ஆணைக் கையால் பிடித்து, கண்ணால் பார்த்து, வரைந்து, விவரித்துக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

அப்படித்தான் நான் ஜீப்பில் ஏறினேன். பக்கத்தில் உயிர்ப்பதிவு ஆணையத்தின் அதிகாரி இன்பராஜ். முப்பது வயதுப் பையன், பணிவானவன், சட்டப் புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிக்கக் கூடியவன்.

"எப்படி மேடம் கண்டுபிடிப்பீங்க? கால எண்ணுவீங்களா?"

"கால எண்ணுறது வேலை இல்லாதவங்க வேலை. ஆண் மரவட்டைக்கு ஏழாவது வளையத்துல இருக்கிற கால் நடக்கிறதுக்கு இல்ல. பெண்ணோட சேரும்போது மட்டும் உதவுற கருவி. பூட்டுக்குச் சாவி மாதிரி, ஒவ்வொரு இனத்துக்கும் அதுல ஒரு வெட்டு. அதப் பாத்தாத்தான் யாரு எந்த வகையறான்னு சொல்ல முடியும்."

"பெண்ணு மட்டும் கிடைச்சா?"

"பத்திரமா வச்சுட்டு ஆணைத் தேடணும். எங்க தொழில்லயும் குடும்பத் தலைவர் வராம வேலை நடக்காது."

இன்பராஜ் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டான்.

ஊசிப்பாறை ஒரு காலத்தில் தேயிலை எஸ்டேட். முதலாளிகள் கையை உதறிவிட்டுப் போன பிறகும் தொழிலாளிகள் போகவில்லை. இரண்டு வரிசைக் கல் வீடுகள், மிளகு, பீன்ஸ், நாலு மாடுகள். சிலிண்டர் வண்டி வருவது நின்று பல காலமாகி, எல்லார் வீட்டிலும் விறகடுப்புதான். எனக்கு ஒரு வரிசையின் கோடி வீட்டில் இடம் கொடுத்தார்கள். அங்கே ஜான்சி என்ற பெண் தனியாக இருந்தாள். அம்மா போன வருஷம் இறந்துவிட்டாள். நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள்.

என் பெட்டிகளை இறக்கி வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "நீங்க தேடுறது கிடைச்சா நாங்க போகணும், கிடைக்கலன்னா இருக்கலாம். அப்படித்தானே டாக்டரம்மா?"

"அப்படித்தான்."

"அப்ப உங்களுக்கு நல்லபடியாக் கிடைக்கணும்னு நான் சாமி கும்பிட முடியாது. சோறு மட்டும் போடறேன்."

எனக்கு அவளை உடனே பிடித்துப்போனது.

எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. அரிய பிராணி என்றால் ஆள் காலடி படாத காட்டில்தான் இருக்கும் என்று நினைப்போம். நானும் தினமும் விடிந்ததும் ஊருக்கு மேலே இருக்கும் சோலைக்குப் போய், அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்தபடி சருகைக் கிளறினேன். கிடைத்ததெல்லாம் பழைய முகங்கள். சேறு எடுத்த இடம் ஊருக்குக் கீழே என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மண்டையில் ஏறவில்லை.

ஒரு காலை, சமையற்கட்டுக்குப் பின்னாலிருந்து ஜான்சி யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கஞ்சி வடித்த தண்ணீர் ஊறிய பின்சுவரை விளக்குமாறால் சாத்திக்கொண்டிருந்தாள்.

"பாருங்க டாக்டரம்மா, இந்த அடுப்புவட்டை சனியனுங்க. எத்தனை கூட்டினாலும் சாம்பல்ல வந்து மொய்க்குதுங்க."

விளக்குமாற்றுக் குச்சிகளுக்கிடையே சாம்பல் நிறத்தில் மெலிந்த மரவட்டைகள் நெளிந்தன. நான் அவள் கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். பின்னாலேயே அவள், "அது அழுக்கு விளக்குமாறும்மா!" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

ஆண்கள் மூன்று இருந்தன. ஒன்றைச் சாராயத்தில் போட்டு, ஏழாவது வளையத்தைப் பிரித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். அந்தக் கருவியைப் போல ஒன்றை நான் பார்த்ததே இல்லை. நுனி இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பின்னோக்கி வளைந்து, அதன் உள்விளிம்பில் சீப்புப் பற்கள். தெரிந்த எந்த வகையறாவிலும் இப்படி ஒரு வெட்டுக் கிடையாது. ஒரு முழு ஆயுளும் நான் காத்திருந்தது இதற்குத்தான். வெட்கமில்லாமல் அழுதேன். கண்ணீர் கண்ணாடிச் சில்லில் விழுந்துவிடக் கூடாதே என்று தலையைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

திரும்பினால் வாசலில் ஜான்சி நின்றிருந்தாள்.

"புதுசா?"

"புதுசு."

"எவ்வளவு புதுசு? போர்டு வைக்கிற புதுசா, எங்களத் தூக்குற புதுசா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் புரிந்துகொண்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். இந்தப் பேரினம்ங்கற கோட்ட யாரு போட்டது? அந்தப் பூச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. இனம்ங்கறது அதுங்களுக்குத் தெரியும், ஒண்ணோட ஒண்ணு சேருதுல்ல. பேரினம் நாங்க போடுற கோடுதான். இவ்வளவு வித்தியாசம் இருந்தா தனின்னு நாங்க முடிவு பண்றது."

"அப்ப கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

தள்ளிப் போடலாம்தான். எதைத் திணித்தாலும் வாங்கிக்கொள்ளும் பெரிய வயிற்றுக்காரப் பேரினம் ஒன்று இருக்கிறது. அதில் இதையும் ஒரு தம்பியாகச் சேர்த்துவிட்டால் ஒரு போர்டோடு போய்விடும். புனேக்காரர் கூச்சல் போடுவார், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் என் கண் பார்த்ததை என் கை மறுத்து எழுதாது. அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

"ஜான்சி, இன்னைக்கு உங்களுக்காக நான் ஒரு பொய் எழுதினா, நாளைக்குக் கம்பெனிக்காரன் வேற ஒருத்தன வச்சு வேற ஒரு பொய் எழுதுவான். அப்ப அதத் தடுக்க என் கையெழுத்துக்கு மதிப்பு இருக்காது. நான் எழுதப் போறது நிஜம். ஆனா உங்கள இங்கேருந்து யாரும் தூக்கக் கூடாது. ரெண்டுக்கும் சேத்து ஒரு வழி இருக்கும். இல்லாமப் போகாது."

"வழி இல்லன்னா?"

"தேடுவேன்."

அவள் அந்த விளக்குமாற்றை எடுத்து மூலையில் சாத்தி வைத்தாள். "நான் இங்கயே கெடந்து சாகணும்னு ஒண்ணும் ஆசை இல்லம்மா. கோயம்புத்தூர்ல ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா எழுதிப் போட்டுட்டுத்தான் இருக்கேன். வேல வந்தா நானாப் போவேன். இவனுங்க போன்னா போக மாட்டேன்."

அன்றிலிருந்து சோலைப் பக்கம் நான் போகவில்லை. வீடு வீடாகப் பின்சுவரைப் பார்த்தேன். ஆட்கள் இருக்கும் எல்லா வீட்டுச் சுவரிலும் அடுப்புவட்டை இருந்தது. பூட்டிக் கிடந்த வீடுகளின் சுவரில் ஒன்றுகூட இல்லை. யோசித்தால் நியாயமாகவும் பட்டது. கீழே அணைத் தண்ணீரில் முழுகிப்போன சூடான பள்ளத்தாக்கின் பிராணியாகத்தான் அது இருக்க வேண்டும். குளிர்ந்த இந்த மலைக்கு எப்படியோ ஏறி வந்து, அடுப்புக் கல்லின் சூட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உடல் ஓட்டுக்குச் சுண்ணாம்பு சாம்பலிலிருந்து, சாப்பாடு கஞ்சித் தண்ணீரிலிருந்து. மனிதர்களை வெளியேற்றினால் முதல் பனிக்காலத்திலேயே அது அழிந்துபோகும்.

விவரிப்பில் வாழிடம் என்று ஒரு பத்தி உண்டு. வட்டத்துக்குள் நிலைமையை அந்தப் பத்தியில் எழுதியபடியே வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 'சோலைச் சருகு, நிழல், ஈரம்' என்று எழுதுவதே வழக்கமாக இருந்ததால், மனிதர்களை விரட்டத்தான் அந்த விதி பயன்பட்டது. நான் அதே விதியைக் கையில் எடுத்தேன். உடல், நிறம், ஏழாவது வளையம், படங்கள், அடுப்பியூலஸ் என்ற பேரினப் பெயர் எல்லாம் எழுதிவிட்டு, வாழிடத்தில் இப்படி எழுதினேன்: 'தினமும் விறகடுப்பு எரிந்து, சாம்பலும் கஞ்சித் தண்ணீரும் கொட்டப்படும் குடியிருப்புகளின் பின்சுவர்க் கல்லிடுக்குகள். அடுப்பு எரியாத வீடுகளின் சுவர்களில் ஒன்றுகூடக் காணப்படவில்லை.'

இன்பராஜ் இரண்டு தடவை படித்தான். அவனுக்குப் புரிய நேரமாகவில்லை. முதலில் முகம் மலர்ந்தது.

"மேடம், இதப் பதிவு பண்ணா வட்டத்துக்குள்ள ஆளுங்க இருந்தே ஆகணும். கம்பெனி கதை முடிஞ்சுது."

"அதுக்குத்தான்."

பிறகு தயங்கினான். "அந்த ரெண்டாவது வாக்கியம் அவசியமா?"

"இருக்கிறத மட்டும் எழுதினா அது பாதி வேலை. எங்கே இல்லங்கறதையும் எழுதணும். இதுவும் என் தொழில்தான் தம்பி."

அவன் அதை அப்படியே பதிவு செய்தான். அடுத்த வாரமே பச்சைநிழல் தன் ஜீப்புகளைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஊசிப்பாறையில் மாடு கறந்த பாலெல்லாம் பாயசமாயிற்று. என் கழுத்தில் யாரோ துண்டு போட்டார்கள். இந்தப் பூச்சிக்கு உன் பெயரை வைக்கட்டுமா என்று ஜான்சியைக் கேட்டேன். "நான் கூட்டித் தள்ளுன பூச்சிக்கா? வேணாம் சாமி" என்றாள். கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்ற கர்வத்தோடு தாம்பரத்தில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பினேன்.

அந்தக் கர்வம் மறு சித்திரை வரைக்கும் நிலைத்தது. ஜான்சி போன் செய்தாள். குரல் நிதானமாக இருந்தது. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"டாக்டரம்மா, கோயம்புத்தூர்ல வேல கிடைச்சிருச்சு. குழந்தைங்க வார்டு."

"அடி சக்க! எப்பப் போறே?"

"போக விட மாட்டேங்கறாங்க. வட்டத்துக்குப் போட்ட செக்போஸ்ட்ல நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் போனா என் வீட்டு அடுப்பு அணைஞ்சுருமாம். அது வட்டத்தோட விதிய மீறறதாம். பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் வந்து எரிச்சிட்டுப் போறேன்னாரு. அதுவும் ஆகாதாம், குடியிருக்கணுமாம். மத்த வீட்டுல ஆள் மாத்தி ஆள் இருக்காங்க. எங்க வீட்டுல நான் மட்டுந்தானே. நான் வாழிடமாம்மா. அப்படித்தான் சொல்றாங்க."

இன்பராஜை அழைத்துக் கத்தினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "நீங்க எழுதினதுதான் மேடம். அந்த ரெண்டாவது வாக்கியம்."

ஒரு பெண்ணை இருக்க வைக்கப் போய்க் கட்டிப் போட்டிருக்கிறேன். அதையே நினைத்து உட்கார்ந்திருந்தால் அவளுக்கு வேலை போய்விடும். எழுந்தேன். ஓர் அடுப்பை மட்டும் அணைத்து, பூச்சி பிழைக்கிறதா என்று பார்க்க அனுமதி கேட்டேன். முடியாது என்றார்கள். என் ஆய்வகத்தில் கல்சுவர் கட்டி, சாம்பலும் கஞ்சியும் ஊற்றி வளர்த்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் எல்லாம் சுருண்டு கிடந்தன. கடைசியில் வெட்கத்தை விட்டுப் புனேக்காரரை அழைத்தேன்.

"உங்க பேரினத்தை நீங்களே கலைச்சிருங்க. பழசுல சேத்துட்டா வட்டம் போயிடும்" என்றார்.

"வட்டம் போனா கம்பெனி வேற ஒரு பூச்சியக் காட்டித் திரும்ப வரும். அதுவுமில்லாம, அது பழசுன்னு நீங்க நினைக்கிறீங்களா?"

"இல்ல. நீங்க போட்ட கோடு சரியான கோடு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட எனக்கு அப்போது நேரமில்லை.

மறுபடியும் விவரிப்பை எடுத்து வைத்துப் படித்தேன். வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும். அடுப்பு எரிய வேண்டும். யார் குடியிருப்பது, யார் எரிப்பது என்று அதில் ஒரு சொல் இல்லை. எனக்கு ஓய்வுக்கு இன்னும் காலம் இருந்தது. போய்ப் பார்க்காத காடுகள் இருந்தன, வேறு எவரும் பார்த்துச் சொல்ல முடியாத பிராணிகள் ஜாடி ஜாடியாக ஆய்வகத்தில் காத்திருந்தன. அவற்றை விட்டுப் போவது எனக்கு வலித்தது. வலித்தது என்பதற்காக வேறு வழி முளைத்துவிடவில்லை. ஜாடிகளைப் புனேக்கு அனுப்பிவிட்டு, நுண்ணோக்கியையும் நாலு புடவையையும் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

ஜான்சி ஒத்துக்கொள்ளவே இல்லை. "உங்களுக்கு என்ன தலையெழுத்தா? நாளைக்கு உங்களுக்கு முடியாமப் போச்சுன்னா?"

"முடியாமப் போச்சுன்னா நர்ஸ் ஒருத்தியக் கூப்பிடறேன். உனக்குத் தெரிஞ்சவ யாராவது இருக்காளா?"

"விளையாடாதீங்கம்மா. ஒழுங்காச் சோறு வடிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. கஞ்சி எப்படியும் சுவர்ல தானே கொட்டணும்?"

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்த் தன் பெட்டியைக் கட்டினாள்.

செக்போஸ்ட்டுக்கு இரண்டு பேரும் நடந்தே போனோம். அங்கே இருந்த காவலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த திரையில் ஜான்சியின் பெயரை எடுத்தான்.

"இவங்களுக்குப் பதிலா நீங்களா மேடம்? கோடி வீடு?"

"ஆமா."

"இனிமே கீழ போகணும்னா, பதில் ஆள் நிறுத்திட்டுத்தான் போகணும். விதி தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியாமலா?"

"எவ்வளவு காலத்துக்குன்னு போட?"

"பூச்சி இருக்கிற வரைக்கும்னு போடு."

அவன் அதை அப்படியே தட்டி ஏற்றிவிட்டுத் தடுப்புக் கம்பியைத் தூக்கினான். ஜான்சி ஜீப்பில் ஏறினாள். வளைவு வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஜீப் மறைந்ததும் கம்பி இறங்கியது. நான் அதற்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். மணி பத்தைத் தாண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டும்.